ஓரச்சால்

தமயந்தி பாடம் கேக்க வரல. சண்டை போட வந்தா.

விளாத்திகுளத்துல பஸ் மாறி, அங்கருந்து மினிபஸ்ல குலுங்கி, கரிசக்காட்டு வெடிப்பு ஒவ்வொண்ணையும் வஞ்சுக்கிட்டே நடந்து, பருத்திக்குள்ள குனிஞ்சு நின்ன பொம்பளைங்களப் பாத்து, "மாரிக்கனிங்கிறது யாரு இங்க?"ன்னா. கேட்ட வேகத்துல வரப்புல மேஞ்ச ரெண்டு மைனா எந்திரிச்சுப் பறந்துருச்சு.

காட்டோட கெழக்கு ஓரத்துல ஒருத்தி நிமுந்தா. மத்தவங்கெல்லாம் சேலையில நிக்க, இவ மட்டும் சேலைக்கு மேல ஒரு ஆம்பளை முழுக்கைச் சட்டைய மாட்டி, மூஞ்சியத் துண்டால மூடியிருந்தா.

"நாந்தான். இந்தா வந்துட்டேங்க்கா."

வந்துட்டேன்னவ நேரா வரல. மேற்கால இருந்த வேப்பமரத்தடிக்குச் சுத்திப் போயி, சட்டையையும் துண்டையும் கழட்டித் தனியா ஒரு கொப்புல மாட்டி, கொடத்துத் தண்ணிய மொண்டு, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினா. கழுவினதையே திரும்பக் கழுவினா. வெயில்ல நின்ன தமயந்திக்கு மண்டை கொதிச்சுச்சு. முப்பது வயசுகூட இருக்காது, ஆபரேசனுக்குப் போற டாக்டருன்னு நெனப்பு இவளுக்கு.

"இப்பச் சொல்லுங்கக்கா."

தமயந்தி பையிலருந்து ஒரு பச்சப்புள்ளச் சட்டைய எடுத்து அவ மூஞ்சிக்கு நேரா ஆட்டுனா. வெள்ளைச் சட்டை. கழுத்துல ஒரு சின்ன அட்டை தொங்குச்சு. 'மாரிக்கனி, பருத்தி விவசாயி'ன்னு போட்டு, ஊர் பேரும் போட்டிருந்துச்சு.

"இது ஒன் பேருதான?"

"எம் பேருதான்."

"இதுல அப்படி என்ன இருக்கு, சொல்லு. சாதாச் சட்டையவிட ரெண்டு மடங்கு வெலை. தொட்டுப் பாத்தா வித்தியாசம் தெரியல. மோந்து பாத்தாலும் தெரியல. மண்ணுக்கு நல்லது, மனுசனுக்கு நல்லதுன்னு ரெண்டு வருசமா கிளிப்புள்ள மாதிரி ஒப்பிச்சு வித்திருக்கேன். ஏசியில நின்னுக்கிட்டே பூமியக் காப்பாத்துற மகராசிங்க வந்து வாங்கிட்டுப் போறாளுக. இத வாங்குறவ அப்படி என்னத்தச் சாதிச்சுட்டா? அது எனக்குத் தெரியணும்."

அவ கோவத்துக்குக் காரணம் இருந்துச்சு. மதுரையில ஒரு இயற்கைத் துணிக்கடையில அவளுக்கு வேலை. போன மாசம் ஒரு பொண்ணு, ஏழு மாச வயித்தோட வந்தா. இதே மாதிரிச் சட்டையக் கையில வச்சுக்கிட்டு, "அக்கா, இந்தக் காட்ட நீங்க பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டா. கிண்டலுக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. தமயந்தி ஒரு நொடிகூட யோசிக்கல. "ஓ, பாத்திருக்கேனே"ன்னுட்டா. அந்தப் பொண்ணு அத நம்பி வாங்கிட்டுப் போயிட்டா.

நாப்பத்து மூணு வருசத்துல தமயந்தி யாருகிட்டயும் நல்ல பேரு வாங்கினதில்ல. வாய்க்காரின்னுதான் பேரு. ஆனா பொய்க்காரின்னு ஒருத்தரும் சொன்னதில்ல. மறுநாளே மொதலாளிகிட்டப் போயி, "எனக்கு அந்தக் காட்டக் காட்டுங்க"ன்னா. "விக்கிற வேலைய மட்டும் பாரும்மா"ன்னாரு. விக்கிற வேலைய அவரு மேசையிலயே வச்சுட்டு, ஒரு சட்டையக் காசு குடுத்து வாங்கி, அட்டையில இருந்த ஊரத் தேடி வந்துட்டா. தான் சொன்னதெல்லாம் நெசமா பொய்யான்னு தெரியாம இனி ஒரு துணியத் தொட முடியாது அவளால.

அத்தனையும் கேட்டுட்டு மாரிக்கனி அந்தச் சட்டைய வாங்கினா. தையல ஒருதரம் தடவிப் பாத்தா. திருப்பிக் குடுத்தா.

"பருத்தி எடுக்கத் தெரியுமாக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அதத்தான் சொல்லுதேன். ஒரு நிரை புடிங்க."

நிரைன்னா ஒருத்தி எடுத்துக்கிட்டே போக வேண்டிய செடி வரிசை. தமயந்திக்கு நடுக்காட்டுல ஒண்ணு கெடச்சுச்சு. பக்கத்து நிரை சுடலிக்கு. சுடலி கூலிக்கு எடுக்க வந்தவ, மாரிக்கனியவிட எளையவ. அவளோட அஞ்சு மாசப் புள்ள வேப்பமரத்துத் தொட்டில்ல கெடந்துச்சு.

"மதினி, மதுரையில பள்ளிக்கூடமே இல்லியா? இம்புட்டுத் தூரம் வந்துட்டீக?"

"யாருக்கு யாருடி மதினி?"

"வாத்தியாரு ஒங்களவிட எளசால்லா இருக்கா. பிரம்ப எடுத்தா நீங்க அழுவீகளா, அவ அழுவாளா?"

தமயந்திக்குச் சிரிப்பு வந்துச்சு. வந்தத முழுங்கிட்டா. சிரிக்க வந்தவ இல்ல அவ.

மாரிக்கனி போறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போனா. "கெழக்க கடைசி ரெண்டு சாலுக்கும் யாரும் போவாண்டாம். அது ஓரச்சால். அத நான் எடுத்துக்கிடுதேன்."

"ஏன், அதுல என்ன தங்கமா காய்ச்சிருக்கு?"

"மொதல்ல ஒங்க நிரை முடியட்டும்க்கா."

நிரை முடியவே இல்ல. காஞ்ச காயோட ஓடு ஊசி மாதிரி நகக்கண்ணுல ஏறுச்சு. பத்துக் காயில மூணு, புழு துளைச்ச சொத்தை. இலைத்தூசி ஒட்டாம எடுக்கணும், செத்தை விழாம மடியில போடணும். தமயந்தி சாயங்காலம் மடிய அவுத்துக் கொட்டினப்ப, அது ஒரு தலகாணிக்குக்கூடக் காணாது.

"இப்பச் சொல்லு. வாங்குறவ என்னத்தச் சாதிச்சா?"

மாரிக்கனி அந்தக் குவியல்ல கைய விட்டு ரெண்டு செத்தைய எடுத்தா. "நாளைக்கு இன்னும் கொஞ்சம் சுத்தமா எடுங்க."

சுடலி வீட்டுலதான் தமயந்திக்குச் சாப்பாடு, படுக்கை. அங்கயும் சும்மா இருக்கல. "நான் கேக்குறது ஒரு கேள்வி. இவ குடுக்குறது ஒரு வேலை. இதுக்குப் பேரு பதிலா?"

"எங்களுக்கும் வேலைதான் குடுக்குதா," சுடலி சொன்னா. "நாங்க கேள்வியே கேக்கல."

மூணாம் நாள் தமயந்தி நின்னு சுத்திப் பாத்தா. கெழக்க, அந்த ரெண்டு ஓரச்சால்ல மட்டும் காயெல்லாம் பெருசு பெருசா வெடிச்சு வெள்ளை வெளேர்னு நின்னுச்சு. சொத்தையே கண்ணுல படல. அதுக்கு அந்தப் பக்கம் வேற ஒருத்தரு காடு. அங்கயும் பொம்பளைங்க எடுத்துக்கிட்டிருந்தாங்க, எல்லாரும் முழுக்கைச் சட்டையும் துண்டுமா. அதுல ஒருத்தியோட தொட்டில் எங்கயோ தூரத்துல, ரோட்டோரத்து உடைமரத்து முள்ளுக் கொப்புல தொங்குச்சு. புள்ள கத்துற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.

"பெத்தவளா அவ? கண்ணுக்கு எட்டாத தூரத்துல கட்டிப் போட்டுட்டு நிக்கிறா பாரு, கல்நெஞ்சுக்காரி."

எதுக்கும் வாய் குடுக்குற சுடலி இதுக்கு அந்தத் தொட்டிலத் திரும்பிப் பாத்துட்டு அடுத்த செடிக்குப் போயிட்டா.

மத்தியானம் அந்தக் காட்டுப் பொம்பளைங்க போன பெறவு, அந்தக் காட்டுக்காரரு முதுகுல டேங்க மாட்டிக்கிட்டு வந்து அடிக்க ஆரம்பிச்சாரு. காத்துல ஒரு வாடை வந்துச்சு. மாரிக்கனி கையக் காட்டினா. எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி மேற்குக் கடைசிக்கு நகந்தாங்க.

"என்ன வாடை இது?" தமயந்தி மூக்கப் பொத்தினா.

"மருந்து," சுடலி சொன்னா.

"விசம்னு சொல்லு."

"விசம்னா யாரு மதினி காசு குடுத்து வாங்குவா?"

"நான் போயி அந்தாள நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்."

"கேளுங்க. மாரியும் கேட்டா. மருந்தடிக்காத பருத்திய வாங்குறதுக்கு ஒரு ஆளக் காட்டு, நாளைக்கே டேங்கக் கிணத்துல போட்டுருதேன்னாரு. இவ சட்டையவே கொஞ்சம் பேருதான வாங்குதாக. இன்னொரு காட்டுப் பருத்திய வாங்குற ஆளுக்கு எங்க போக?"

தமயந்தி காதுல அது விழுந்துச்சு, உள்ள போகல. அவ கண்ணு ஓரச்சால் மேலயே இருந்துச்சு. மாரிக்கனி அதுல எடுக்குற பருத்தி மட்டும் நீலச் சாக்குக்குப் போகுது. மத்ததெல்லாம் கொட்டாயில வெள்ளைத் துணி விரிச்சுக் குவியுது. நீலச் சாக்கு கொட்டாய்க்குள்ள வர்றதே இல்ல.

நாலாம் நாள் சாயங்காலம் நீலச் சாக்கு எங்க போகுதுன்னு பாத்துட்டா. ரோட்டுல ஒரு வியாபாரியோட வண்டி நின்னுச்சு. பக்கத்துக் காட்டு மூட்டையெல்லாம் ஏத்துன அதே வண்டி. மாரிக்கனி நீலச் சாக்கத் தூக்கி அதுல போட்டா. தமயந்தி கருவேலம் புதருக்குப் பின்னால நின்னு போன்ல படம் புடிச்சா. நாலு நாளா வயித்துல எரிஞ்சதுக்கு இப்பத்தான் வெறகு கெடச்சுச்சு.

வேப்பமரத்தடிக்கு மாரிக்கனி திரும்பி வந்ததும் மறிச்சா.

"சிக்கினியா?"

"என்னக்கா?"

"நல்ல காயிருக்குற ரெண்டு சாலு ஒனக்கு. புழு தின்ன சாலு இந்தச் சுடலிக்கு. எடைக்குத்தான கூலி வாங்குறா இவ? இவ வயித்துல அடிக்கிற. அது பத்தாதுன்னு நல்ல பருத்திய மருந்துக்காட்டு வண்டியில ஏத்துற. அங்க குடுத்துட்டு அங்கருந்து எத வாங்கி இதுல கலக்குற? அதயும் சொல்லிரு."

"அக்கா..."

"என்ன அக்கா? இந்தா பாரு." போனத் தூக்கிக் காட்டுனா. "கடையில வாங்குறவங்க பூரா ஒரு வாட்ஸ்அப் குரூப்புல இருக்காங்க. எறநூறு பேரு. என்னைய இன்னும் தூக்கல. ஒரு தட்டுத் தட்டுனாப் போதும். ஒன் பேரு போட்ட சட்டையக் கையால தொட மாட்டாளுக. அத்தோட முடிஞ்சுச்சு ஒன் இயற்கை."

சுடலி புள்ளைய இடுப்புல மாத்தி வச்சா. "மாரி, சொல்லித் தொலையேன் அவுககிட்ட."

மாரிக்கனி சுடலியப் பாத்து வேண்டாம்னு தலைய ஆட்டினா. போன்ல ஓடுற படத்த முழுசாப் பாத்தா. தான் சாக்கத் தூக்குறதையும், வண்டி கெளம்புறதையும்.

"நல்லா விழுந்திருக்குக்கா. அனுப்புங்க."

தமயந்திக்குச் சுருக்குன்னுச்சு. கெஞ்சுவான்னு நெனச்சிருந்தா.

"ஆனா காலையில அந்த ரெண்டு சாலையும் நீங்க எடுங்க. எடுத்து முடிச்சுட்டு அனுப்புங்க."

"எதுக்கு?"

"நல்ல சாலுன்னு நீங்கதான சொன்னீங்க."

காலையில மாரிக்கனி அந்த ஆம்பளைச் சட்டையையும் துண்டையும் நீட்டுனா.

"எதுக்கு இந்த வேசம்?"

"ஓரச்சாலுக்கு யூனிபாரம்."

தமயந்தி முணுமுணுத்துக்கிட்டே மாட்டினா. எறங்கி எடுத்தா. கை வச்ச எடமெல்லாம் காய். ஒரு இழுப்புக்கு மூணு பஞ்சுச் சொளையும் கையோட வந்துச்சு. ஒரு மணி நேரத்துல சாக்கு பாதி. ஒவ்வொரு காய எடுக்குறப்பவும் மனசுக்குள்ள குரூப்புல போடப் போற வாசகத்த எழுதிக்கிட்டே வந்தா. 'அன்பான வாடிக்கையாளர்களே' வேண்டாம். 'ஏமாந்தவங்களே'ன்னு ஆரம்பிக்கலாம். அது நல்லா இருந்துச்சு.

வெயில் உச்சிக்கு ஏறுறதுக்குள்ள சாக்கு நெறஞ்சுருச்சு. தலையில தூக்கி வச்சுக்கிட்டு, எல்லாரும் பாக்கட்டும்னு காட்டுக் குறுக்காலயே நடந்து வேப்பமரத்தடிக்கு வந்து தொப்புன்னு போட்டா. துண்ட அவுத்து மூஞ்சியத் தொடைக்கப் போனா.

அப்பத் தொட்டில்ல புள்ள முழிச்சு அழுதுச்சு.

சுடலி நிரையில பாதித் தூரத்துல இருந்தா. தமயந்தி தொட்டிலுக்குப் பக்கத்துல இருந்தா. ரெண்டு புள்ள பெத்த கை, தானா நீண்டுச்சு.

"தொடாத."

மதினி இல்ல, நீங்க இல்ல. நாலு நாளாக் கேக்காத கொரலு அது. சுடலி செடியெல்லாம் சடசடன்னு ஒடிய ஓடி வந்தா. வந்த வேகத்துல தமயந்தி கையத் தட்டி விட்டா. சுள்ளுன்னு பட்டுச்சு.

"கைய எடு. அந்தச் சட்டையோட எம் புள்ள பக்கத்துல வராத. தள்ளிப் போ."

"ஏய், எனக்குப் புள்ளையத் தூக்கத் தெரியாதா? நான் என்ன தீண்டத்தகாதவளாடி?"

"முந்தாநாளு அங்க அடிச்ச மருந்து காத்துல வந்து இந்த ரெண்டு சால்லதான் படியும், அதான் இதுல சொத்தையே இல்ல. ஒங் கையிலயும் சட்டையிலயும் இப்ப அதுதான் இருக்கு. அதுக்குத்தான் மாரி எங்க யாரையும் அதுல எறக்க மாட்டா. அதுக்குத்தான் அதுக்குத் தனிச் சாக்கு. அந்தப் பருத்தி ஒன் கடைச் சட்டைக்குப் போகக்கூடாதுன்னுதான் அந்த வண்டியில போடுதா. போ, போயிக் கழுவு. ரெண்டு தடவ கழுவு."

சொல்லிட்டு அவ கழுவல. நடுநிரையில பருத்தி எடுத்த கையி, விரல் இடுக்கெல்லாம் பஞ்சு. அந்தக் கையாலயே புள்ளைய அள்ளிக்கிட்டு, அன்னைக்கு எடுத்த குவியல் மேலயே உக்காந்து பால் குடுத்தா. புள்ள ஒரு பஞ்சுத் துணுக்கப் புடிச்சு வாய்க்குள்ள கொண்டு போச்சு. சுடலி அத அவசரமில்லாம எடுத்துப் போட்டா.

தமயந்தி ரெண்டு கையையும் ஒடம்புல படாம விரிச்சுக்கிட்டு நின்னா. இடுப்புல சொருகியிருந்த போன் அதிர்ந்துச்சு. அதத் தொடக்கூட அந்தக் கைக்கு மனசு வரல.

கொடத்துத் தண்ணிய மாரிக்கனி மொண்டு ஊத்தினா. தமயந்தி சோப்புப் போட்டுக் கழுவினா. கழுவினதையே திரும்பக் கழுவினா. கழுவக் கழுவக் கோவம் ஏறுச்சு.

"ஒனக்கு வாய் இல்ல? மொத நாளே சொல்லியிருக்கலாம்ல? நாலு நாளா என்னையக் கிறுக்கச்சியாக்கி வேடிக்கை பாத்தியா?"

"சொல்லியிருந்தா?"

"தெரிஞ்சுக்கிட்டிருப்பேன்."

"மண்ணுக்கு நல்லது, மனுசனுக்கு நல்லது." மாரிக்கனி இன்னொரு செம்பு ஊத்தினா. "அதுவும் தெரிஞ்சுதான இருந்துச்சு ஒங்களுக்கு?"

தமயந்தி மூணாவது தடவையும் சோப்பத் தேச்சா.

கைய ஒதறிக் காய வச்சா. போன எடுத்தா. படத்த அழிச்சா. அழிச்சதையும் கோவமாத்தான் அழிச்சா.

கெழக்க, ரோட்டோரத்து உடைமரத்துல அந்தப் புள்ள கத்த ஆரம்பிச்சுச்சு. பக்கத்துக் காட்டுலருந்து ஆத்தாக்காரி ஓடினா. ஓடினவ தொட்டில்கிட்டப் போகல. மரத்துக்கு முன்னால இருந்த கொடத்துகிட்ட நின்னுட்டா. சட்டையக் கழட்டி வீசினா. கழுவினா. புள்ள வீல் வீல்னு கத்துது, இவ குனிஞ்சு கழுவுறா. நிமுந்து தொட்டிலப் பாத்தா. மறுபடி குனிஞ்சு கழுவினா.

அவளத்தான் கல்நெஞ்சுக்காரின்னு சொல்லியிருந்தா தமயந்தி.

"அப்ப அந்தக் காடு பூரா..." தமயந்தி கெழக்க கைய நீட்டினா. "அந்தக் காடு பூராவும் ஓரச்சாலா?"

மாரிக்கனி செம்பக் கவுத்து வச்சா.

"இவ புள்ளைக்குத் தொட்டில் இங்க. அவ புள்ளைக்கு மட்டும் ஏன் அங்க? அது என்ன பாவம் செஞ்சுச்சு? ஏம்மா, ஒன்னையத்தான் கேக்குறேன். வாத்தியாரம்மா, பதில் சொல்லு. அந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன்?"

மரத்தடியில கெடந்த தமயந்தியோட பையில அந்த வெள்ளைச் சட்டை பாதி வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. மாரிக்கனி அத எடுத்து, அட்டை உள்ள போற மாதிரி மடிச்சு, கழுவின அந்தக் கையில வச்சா.

"இந்தச் சட்டைய வாங்குறவதான் இவ புள்ளைக்கு இங்க தொட்டில் கட்டுதா. அந்தப் புள்ளைக்கு இன்னும் யாரும் சட்டை வாங்கலக்கா."